வெள்ளை அடித்தால் வெளிச்சம் வருமா?

வீடும் சுவரும்: வாசகர் கேள்வி பதில்

கோத்தகிரியில் 26 வருஷமாக எங்களுக்குப் பெயின்ட் கடை. முதல் 9 வருஷம் மாமனார் கல்லாவில் உட்கார்ந்தார், நான் கணக்கு நோட்டோடு ஓரத்தில். இப்போது கல்லாவும் என்னிடம், நோட்டும் என்னிடம், கலர் கலக்கும் மெஷினும் என்னிடம். இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: ஹால் சின்னது, என்ன கலர் அடிக்கலாம்? சரிவை வெட்டி வீடு கட்டுகிற ஊரில் யாருக்குத்தான் பெரிய ஹால் கிடைக்கிறது?

“போன மாதம்தான் சொந்த வீட்டுக்கு வந்தோம். ஹால் 10-க்கு 11 அடி. ஒரே ஜன்னல், வடக்குப் பார்த்தது. வெளியே பத்தடி தள்ளி மண் சரிவு, அதன்மேல் தேயிலை. ‘சின்ன ஹாலுக்கு வெள்ளைதான், பெரிசாகத் தெரியும்’ என்கிறார் வீட்டுக்காரர். காலேஜ் படிக்கும் மகள் போனில் ஒரு சாம்பல் நிற ஹாலைக் காட்டி அதுதான் வேண்டும் என்கிறாள். மாமியாருக்கு ரோஸ். நான் யார் பக்கம் பேசுவது?”
– வாசகி, அருவங்காடு

மாமியார் பக்கம். ஆனால் அவர் மனதில் இருக்கும் ரோஸ் இல்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

கடைக்கு வருகிறவர்களிடம் ஷேட் கார்டை எடுப்பதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஹாலில் எல்லாரும் சேர்ந்து உட்காருகிற நேரம் எது? காலை பத்து மணிக்கு வெயில் பளீரென்று அடிக்கும்போது ஹாலில் யார் இருக்கிறார்கள்? ஆளுக்கொரு பக்கம் போயிருப்பார்கள். நாலு மணிக்கு மேகம் இறங்கி எதிர்வீடு மறைந்த பிறகுதான் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு டீயும் வர்க்கியுமாக வந்து உட்காருவோம். சுவர் அந்த நேரத்தில் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் கலர் எடுக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் கடை வாசலில், நடுப்பகல் வெயிலில், கார்டைப் பிடித்துப் பார்த்து எடுத்துப் போகிறார்கள்.

சின்ன அறைக்கு வெள்ளை என்பது வெயில் உள்ள ஊருக்குச் சொன்ன யோசனை. அங்கே அது சரி. ஆனால் வெள்ளைக்கு என்று சொந்தமாக வெளிச்சம் கிடையாது. தன்மேல் விழுகிறதைத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். உங்கள் ஜன்னல் வடக்கே பார்க்கிறது. நம் ஊர் இருக்கும் இடத்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரைக்கும்தான் நடுப்பகல் சூரியன் கொஞ்சம் வடக்கே நிற்பார். அதில் ஜூனுக்கு அப்புறம் மேகம் வந்து மறைத்துவிடும். மற்ற மாதங்களில் உச்சி வெயில் தெற்கே. ஆக, வருஷத்தில் பெரும்பகுதி உங்கள் ஹாலுக்கு நேர் வெயில் இல்லை, வானத்து வெளிச்சம்தான். அதில் நீலம் கலந்திருக்கும். அது வெள்ளைச் சுவரில் விழுந்தால், வெளுத்து வெளுத்துப் பழசான வேட்டியை விரித்துக் கட்டின மாதிரி ஒரு மங்கல் வரும். நாலரை மணிக்கு அதைப் பார்த்தால் லைட்டைப் போடு என்று கத்தத் தோன்றும்.

மகளின் சாம்பல் இன்னும் மோசம். போனில் இருக்கும் அந்த ஹாலுக்கு அநேகமாகச் சுவர் அகலத்துக்கு ஜன்னல் இருக்கும். உங்களுக்கு இருப்பதோ ஒரு ஜன்னல், அதற்கு எதிரே பச்சைச் சரிவு. தேயிலையில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் பச்சையையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டுதான் உள்ளே வரும். வானத்து நீலம், தேயிலைப் பச்சை, சுவரின் சாம்பல் மூன்றும் சேர்ந்தால், சிமென்ட் பூச்சு முடிந்து பெயின்ட்டுக்குப் பணம் இல்லாமல் நிறுத்தின வீடு மாதிரி இருக்கும். நான் சொன்னதாக மகளிடம் சொல்லுங்கள், திட்டு எனக்கு வரட்டும்.

இப்போது மாமியார். சரிவின் பச்சையை அடக்க சுவரில் கொஞ்சம் சிவப்பு வேண்டும் என்பதை அவர் கண் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறது. அளவுதான் பிரச்சினை. கார்டில் விரல் அகலத்துக்கு இருக்கும்போது மென்மையாகத் தெரியும் ரோஸ், நாலு சுவரிலும் ஏறி ஒன்றுக்கொன்று எதிரொளித்தால் பஞ்சு மிட்டாய்க்குள் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். எந்தக் கலரும் கார்டில் இருப்பதைவிடச் சுவரில் ஒரு படி தூக்கலாகத்தான் தெரியும், அதுவும் சின்ன அறையில். அதனால் கிரீமில் சிவப்பு ஒரு பொட்டு விழுந்த கலராகக் கேளுங்கள். வர்க்கியைப் பிட்டால் வெந்த ஓரத்துக்கு உள்ளே ஒரு நிறம் தெரியும் பாருங்கள், அது. என்னிடம் வருகிறவர்கள் “அந்த வர்க்கி கலர் குடுங்க” என்றே கேட்கிறார்கள். எலுமிச்சை மஞ்சள் பக்கம் மட்டும் போகாதீர்கள். மேக வெளிச்சத்தில் அது பச்சையடிக்கும்.

மெஷினில் இது எப்படி நடக்கிறது தெரியுமா? வெள்ளை பேஸ் டப்பாவின் மூடியில் துளை போட்டு ஊசி போன்ற குழாய்களுக்குக் கீழே வைப்போம். மஞ்சள் காவி கொஞ்சம் இறங்கும், அதில் பாதிகூட இல்லாமல் சிவப்புக் காவி, கடைசியில் கறுப்பு ஒரே ஒரு துளி. அந்தக் கறுப்புதான் கலரை மிட்டாயாக்காமல் அடக்கி வைக்கிறது. குலுக்கி எடுத்ததும் விரலால் தொட்டு மூடிமேல் தடவி, ஹேர் டிரையரில் காயவைத்துக் கார்டோடு ஒத்துப் பார்ப்பேன். ஈரத்தில் வெளிறித் தெரியும் எமல்ஷன் காய்ந்தால் கொஞ்சம் அடர்த்தியாகும். நீங்களும் பெயின்டர் முதல் கோட்டு அடித்த உடனே “இது நாம் எடுத்த கலரே இல்லை” என்று கடைக்குப் போன் போடாதீர்கள்.

சில ஷேட் கார்டுகளில் கலர் பெயரோடு எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும். விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை அந்தக் கலர் திருப்பிக் கொடுக்கிறது என்ற கணக்கு அது. உங்கள் ஹாலுக்கு 65-லிருந்து 75-க்குள் எடுங்கள். அதற்கு மேலே போனால் பழைய வேட்டி, ரொம்பக் கீழே போனால் குகை.

அப்புறம் சாம்பிள். சின்ன டப்பா வாங்கி நேராகச் சுவரில் அடிக்காதீர்கள், பழைய கலர் பக்கத்தில் நின்று கண்ணை ஏமாற்றும். ஸ்டேஷனரி கடையில் இரண்டு வெள்ளைச் சார்ட் அட்டை வாங்கி, ஓரம் விடாமல் இரண்டு கோட்டு அடித்துக் காயவையுங்கள். ஒன்றை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டுங்கள், இன்னொன்றை ஜன்னல் இருக்கும் சுவரிலேயே ஒட்டுங்கள். ஹாலில் அதுதான் இருட்டான சுவர், யாரும் அங்கே பார்ப்பதில்லை. காலையில் ஒரு தடவை, மேகம் இறங்கினபோது ஒரு தடவை, ராத்திரி லைட்டில் ஒரு தடவை பாருங்கள். மூன்றிலும் பிடிக்கும் கலர் கிடைக்காது. மேகம் இறங்கின வேளைக்கு எது பிடிக்கிறதோ அதை எடுங்கள்.

லைட் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இரண்டு வருஷம் முன்பு ஓர் அம்மா, நான் கலரை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது சண்டைக்கு வந்துவிட்டார். சாயங்காலம் அவர் வீட்டுக்கே போனேன். கலர் சரியாகத்தான் இருந்தது. மேலே நீல வெள்ளையில் ஒரு எல்.இ.டி. பட்டை எரிந்துகொண்டிருந்தது. பல்பு டப்பாவில் 6500 கே என்று போட்டிருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை, 3000 கே என்றால் மஞ்சள் கலந்தது. எதிர்க்கடையில் 3000 ஒன்று வாங்கி வந்து மாட்டச் சொன்னேன். சுவர் ஒரு நிமிஷத்தில் வேறு சுவர் ஆகிவிட்டது. டீ போட்டுக் கொடுத்தார், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆகவே பெயின்ட் வாங்குவதற்கு முன் பல்பு வாங்குங்கள்.

சீலிங்கை அப்பட்டமான வெள்ளையாக விடாமல், அதே கலரைப் பாதி அடர்த்தியில் கலக்கச் சொல்லி அடியுங்கள். சுவர் முடிந்து சீலிங் தொடங்கும் கோடு கண்ணில் படாது, கூரை கொஞ்சம் மேலே போன மாதிரி இருக்கும். அளவுக்கு: 9 அடி உயரம் என்றால் நாலு சுவரும் 378 சதுர அடி. இரண்டு வாசலும் ஜன்னலும் போக 320 என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு எத்தனை சதுர அடி வரும் என்று டப்பாவிலேயே இருக்கும், வகுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று டப்பா ஆனால் எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். டப்பாவுக்கு டப்பா நூலிழை வித்தியாசம் இருக்கும், சுவர் நடுவில் தெரிந்தால் அழுகைதான் வரும்.

“போன தீபாவளிக்கு ஹாலுக்கு விலை கூடின எமல்ஷன் அடித்தோம். ஆடி மாதம் சோபாவுக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். இதை மறைக்க எந்தக் கலர் நல்லது?”
– வாசகர், கூடலூர்

எந்தக் கலரும் வேண்டாம், டப்பாவை மூடி வையுங்கள். அது பூஞ்சணம். மேலே எதை அடித்தாலும் அடுத்த ஆடியில் அதையும் தின்றுவிட்டு வெளியே வரும். பெயின்ட் விற்கிற நானே சொல்கிறேன்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, வீட்டுக் காற்றிலிருந்து வருகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை அந்த இடத்தில் நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளின் பின்பக்கம், சுவரை ஒட்டின பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் வெளிச்சுவரோ கூரையோ ஒழுகுகிறது. மேஸ்திரியைக் கூப்பிடுங்கள், பெயின்டரை இல்லை. முன்பக்கம் கோத்திருந்தால் அது உங்கள் வீட்டு மூச்சு. கூடலூரில் ஜூனில் பிடிக்கிற மழை செப்டம்பர் வரை விடாது. ஹாலில் கொடி கட்டித் துணி காயப்போடுவீர்கள், ஜன்னலைத் திறக்க மாட்டீர்கள், சோபா வெளிச்சுவரை ஒட்டிக் கிடக்கும். அந்தச் சந்தில் காற்றே போகாது, குளிர்ந்த சுவரில் ஈரம் படியும். சோபாவை ஒரு சாண் முன்னால் இழுங்கள். மழை விட்ட அரைமணி நேரமாவது எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

புள்ளிகளைக் காய்ந்த துணியால் தட்டாதீர்கள், தூளாகப் பறந்து மூக்குக்குள் போகும். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, அந்தத் தெளிவைத் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள். கையுறை போடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். பாத்ரூம் கழுவும் ஆசிடை மட்டும் அதோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். நன்றாகக் காய்ந்த பிறகு, மழை நின்ற மாசி பங்குனியில் பெயின்ட்டைப் பற்றிப் பேசலாம். அப்போதும் கலரைப் பற்றிக் கேட்பீர்கள், எனக்குத் தெரியும்.

“எங்களுடையது தாத்தா காலத்து வீடு. கருங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டின சுவர், மேலே பல கோட்டுச் சுண்ணாம்பு. ஹாலில் கை தூக்கினால் பலகை சீலிங் தட்டும். இப்போது எமல்ஷன் அடிக்கலாம் என்கிறார் மகன். பச்சை எனாமல் அடித்த ஜன்னல்களையும் சுரண்டிப் புதுசாக்கப்போகிறோம். பேரனுக்கு இரண்டு வயது.”
– வாசகி, கேத்தி

சுண்ணாம்பை விடாதீர்கள். அந்தச் சுவர் மழையில் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விடும். எழுபது எண்பது வருஷமாக அப்படித்தான் நிற்கிறது. மேலே எமல்ஷன் அடித்தால் வெளியே போக வழி இல்லாத ஈரம் அதைத் தள்ளும், இரண்டாவது மழைக்குள் அப்பளம் மாதிரி கையோடு வரும். அப்புறம் மனசு மாறித் திரும்பச் சுண்ணாம்புக்கு வரலாம் என்றாலும், எமல்ஷன் இருக்கும் இடத்தில் சுண்ணாம்பு பிடிக்காது, முழுக்கச் சுரண்ட வேண்டும்.

நீர்த்த சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, கஞ்சியோ வச்சிரப் பசையோ சேர்த்து அடிப்பது உங்கள் வீட்டிலேயே யாருக்காவது ஞாபகம் இருக்கும். வெள்ளைக்காக நீலம் சேர்ப்பார்கள், உங்கள் ஹாலுக்கு அது வேண்டாம். மஞ்சள் காவித்தூள் கொஞ்சம் கலந்தால் சந்தன நிறம் வரும், இருட்டு ஹாலுக்கு அது போதும். காவித்தூள் மண் என்பதால் சுண்ணாம்பின் காரத்துக்கு வெளுக்காது. முதலில் ஒரு மூலையில் அடித்துக் காயவிட்டுப் பாருங்கள். எமல்ஷனுக்கு நேர்மாறாக, சுண்ணாம்பு காய்ந்தால் நன்றாக வெளிறும். ஈரத்தில் பார்த்து “போதாது” என்று இன்னொரு கரண்டி போடுவது, “கூடிப்போச்சு” என்று சுண்ணாம்பு ஊற்றுவது, இரண்டும் வேண்டாம். பலகை சீலிங் தாழ்வு என்றால் அதற்கும் சுவரின் அதே சந்தனத்தை, வெளிறலாக, தண்ணீர் எனாமலில் அடித்துவிடுங்கள். கறுத்த பலகை தலையில் உட்கார்ந்திருக்கும் உணர்வு போய்விடும்.

ஜன்னல் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டு பெயின்ட்டில் விஷமான ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல், இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். தாத்தா காலத்துப் பச்சை எனாமலில் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் தரையில் இறங்கும், பேரன் தரையில்தான் இருக்கிறான், கை வாய்க்குப் போகும். நெருப்பு வைத்து உரிப்பதும் கூடாது. தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்க்கச் சொல்லுங்கள், கீழே பிளாஸ்டிக் விரித்து, தேய்த்ததை அதோடு சுருட்டி எடுங்கள். அந்த ஒரு வாரம் குழந்தை அத்தை வீட்டில் இருக்கட்டும்.

“ஹோம் ஸ்டே நடத்துகிறேன். சின்ன ஹாலில் ஒரு சுவரை மட்டும் தோடர் பூத்தையல் மாதிரி சிவப்பு கறுப்புப் பட்டைகளாக அடிக்க ஆசை. விருந்தினர் போட்டோ எடுப்பார்கள்.”
– வாசகர், ஊட்டி

எடுப்பார்கள், அப்புறம் அதன் முன்னால் ஐந்து நிமிஷம்கூட உட்கார மாட்டார்கள். அந்தப் பூத்தையலின் அழகு எங்கே இருக்கிறது? வெளிறின பருத்தித் துணியின் பெரிய வெறுமையில் ஓரமாகச் சிவப்பும் கறுப்பும் வருவதில் இருக்கிறது. நீங்கள் வெறுமையை விட்டுவிட்டுப் பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். சுவரை அந்தத் துணியின் நிறத்தில், வெளுக்காத பருத்தி நிறத்தில் அடியுங்கள். தோடர் பெண்கள் தைத்த அசல் துணி ஒன்றை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுங்கள். 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்த வேலை, பெயின்ட்டில் நகல் எடுப்பதைவிடக் கூலி அவர்கள் கைக்குப் போகட்டும். சுவருக்கு ஆகும் செலவும் குறையும். எனக்கு ஒரு டப்பா வியாபாரம் போச்சு.

“ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டு ஹால் என்ன கலர்?”
– வாசகி, கொடைக்கானல்

கேட்டுவிட்டீர்கள். எங்கள் ஹால் 9-க்கு 10. கடைக்கு வந்த புதிதில், மலை ரயில் பெட்டியின் நீலத்தில் ஆசைப்பட்டு அதன் வெளிறின நிறத்தை எடுத்தேன். எங்கே பார்த்து எடுத்தேன்? கடை வாசலில், சித்திரை மாத வெயிலில், கார்டைப் பிடித்து. ஐப்பசி மழை வந்தது, ஹால் ஐஸ் பெட்டிக்கு உள்பக்கம் மாதிரி ஆகிவிட்டது. மாமியார் கம்பளிமேல் கம்பளி போர்த்திக்கொண்டு, “ஏம்மா, வெளியவிட இங்கதான் குளிருது, கதவு எங்கயாவது திறந்திருக்கா பாரு” என்றார். கதவு மூடித்தான் இருந்தது. அந்தச் சுவரோடு நாலு வருஷம் இருந்தோம், பெயின்ட் கடைக்காரர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க எப்போது நேரம் வரும்?

மெஷின் வந்த பிறகு கடையில் ஒரு மூலை உருவானது. கலந்த பெயின்ட்டைத் திருப்பி எடுக்க முடியாது. தப்பாகக் கலந்தது, ஆள் வந்து வாங்காதது எல்லாம் அங்கே சேரும். ஒரு வைகாசியில் அதிலிருந்து கிரீம் ஒன்று, சந்தனம் ஒன்று, செங்கல் நிறத்தில் அரை டப்பா எடுத்து, மூன்றையும் பக்கெட்டில் ஊற்றிக் கலக்கி அடித்துவிட்டோம். மாமியார் கம்பளியை ஒன்றாகக் குறைத்துக்கொண்டார். வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கலரின் நம்பர் கேட்கிறார்கள், நம்பர் ஏது? போன வருஷம் டிவிக்கு மேலே ஆணி பிடுங்கின இடத்தில் தொட்டு அடிக்க அதே கலரை மெஷினில் கொண்டுவரப் பார்த்தேன், ஐந்து தடவை கலந்தும் ஒத்து வரவில்லை. இப்போது அங்கே எங்கள் கடைக் காலண்டர் தொங்குகிறது.